தலையணைக்குச் சிக்காத மூச்சு

சுல்தானா தன் உதவியாளர் நஞ்சப்பனின் முகத்தில் தலையணையை வைத்து, இரண்டு கைகளாலும் பலமாக அழுத்தினாள்.

அலுவலக பெஞ்சில் மல்லாந்து கிடந்த நஞ்சப்பன் முதலில் தலையணைக்கு அடியிலிருந்து ஏதோ நையாண்டி செய்தார். பிறகு பேச்சு நின்றது. கால்கள் பெஞ்சை உதைத்தன. கைகள் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிராண்டின. கடைசியில் ஆள் வில்லாக வளைந்து ஒரு திமிறு திமிற, தலையணை ஒரு மூலைக்கும் சுல்தானா இன்னொரு மூலைக்குமாகப் போனார்கள்.

"ரிட்டையர் ஆகிற வரைக்கும் கண்டக்டர் வேலை பார்த்தவன் மேடம் நானு," என்றார் நஞ்சப்பன், இரைத்துக்கொண்டே. "தீபாவளிக் கூட்டத்துல சேலம் வண்டியில நசுங்கினப்பகூட இப்படித் திணறினதில்ல. அடுத்த தடவை ஒரு பூசணிக்காயைப் படுக்க வெச்சு அமுக்கிப் பாருங்க."

"கையை நீங்களா தூக்கினீங்க அண்ணா?"

"நான் எங்க தூக்கினேன்? சும்மா கெடங்கன்னு சொல்லித்தான் வெச்சிருந்தேன். அதுங்க கேக்கல."

சுல்தானா தலையை ஆட்டினாள். அவளுக்கு வேண்டியது அந்த பதில்தான்.

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சமரீன் இத்தனை நேரமும் கண்ணைத் திறக்கவில்லை. தலையணை விழுந்த சத்தம் கேட்டதும் முக்காட்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் நஞ்சப்பன் எழுந்து, சட்டையைச் சரி செய்துகொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சுல்தானாவின் துப்பறியும் நிலையத்துக்குக் கொலை வழக்குகள் வருவதில்லை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்ததா, இப்படித்தான் வரும். சமரீன் கொண்டு வந்தது வேறு. அவள் கணவன் குரு, தன் தகப்பனைக் கொன்றுவிட்டேன் என்று தானாகவே காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லி, இப்போது கிளைச் சிறையில் இருந்தான். வக்கீல் வேண்டாம் என்கிறான். சோறும் இறங்கவில்லை. தூக்கில் போடட்டும், அதுதான் சரி என்கிறான்.

நடந்தது இது. மாரண்டஹள்ளி விவசாயி பச்சியப்பனின் மகன் குரு, சமரீனைக் கல்யாணம் செய்துகொண்டதோடு வீட்டு வாசல் அவனுக்கு மூடிப்போனது. ஓசூரில் வேலை, வாடகை வீடு. வருஷங்கள் ஓடின. ஊரிலிருந்து ஒரு தகவல் கிடையாது, அவனும் கேட்கவில்லை. போன வாரம் திடீரென்று மனசு கேட்காமல் அப்பாவைப் பார்க்கப் போனான். விளக்குப் போடாத சாயங்கால நேரம். வீட்டில் அப்பா மட்டும்தான், கட்டிலில் படுத்திருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. குரு காலடியில் உட்கார்ந்து என்னென்னவோ பேசினான், அழுதான், ஒரு வார்த்தை பேசு என்று கெஞ்சினான். அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வாய்க்குள்ளேயே சபிக்கிறார் என்று எடுத்துக்கொண்டான். இத்தனை வருஷத்துக் கோபமும் ஒரே நொடியில் தலைக்கு ஏறியது. பக்கத்தில் கிடந்த தலையணை கைக்கு வந்தது.

அப்பா அசையாமல் கிடப்பதைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்து நடந்தவன், ஓசூர் பஸ் ஏறிவிட்டான். மறுநாள் சாவுச் செய்தி வந்தது. உறக்கத்திலேயே போய்விட்டார் என்று ஊர் நம்பி, அன்று மத்தியானமே எரித்தும் விட்டார்கள். குருவுக்கு மட்டும் தெரியும், உறக்கம் இல்லையென்று.

"குரு சொன்னதைக் கொஞ்சம் நெனச்சுச் சொல்லு சமரீன்," என்றாள் சுல்தானா. "தலையணை முகத்துல இருந்தப்ப அவரு கையைத் தூக்கினாரா? அவனைப் பிடிச்சுத் தள்ளினாரா?"

"இல்ல ஆபா." தன்னைவிட மூத்தவள் என்பதால் சமரீன் அவளை ஆபா என்றுதான் கூப்பிட்டாள். "கை ரெண்டும் கட்டில்மேலயே கெடந்துச்சாம். கழுத்துத் துண்டு மட்டும் படபடன்னு அடிச்சுக்கிச்சாம். கண்ணை மூடினா அந்தத் துண்டுதான் தெரியுதுன்னு அழுவுறாரு."

சுல்தானா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். நஞ்சப்பனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, அதை அவர் கழுத்தில் விரித்தாள். மூச்சு விடச் சொன்னாள். கைக்குட்டை அசையவில்லை. மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அசைந்தது. மறுபடி கழுத்துக்கு இறக்கினாள். செத்ததுபோல் கிடந்தது.

"துண்டு படபடக்கணும்னா காத்து வேணும் அண்ணா."

"கழுத்துல ஏது மேடம் காத்து? பஞ்சரான டயருக்கு வேணா அப்படி எடம் மாறி வரும்."

சுல்தானா அவரையே பார்த்தாள். அந்தப் பார்வை நஞ்சப்பனுக்குப் பழக்கமானதுதான். தான் விளையாட்டாகச் சொன்னது எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது என்று அதற்கு அர்த்தம்.

"மாரண்டஹள்ளிக்கு எப்ப பஸ்ஸு?" என்று கேட்டாள்.

*

பச்சியப்பனின் வீடு ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, தக்காளித் தோட்டத்துக்கு நடுவே இருந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏரி வாய்க்காலை ஒட்டியே ஒரு வண்டித்தடம் போகிறது. மழைக்காலம் முடிந்த சமயம். வாய்க்காலில் முழங்கால் ஆழத்துக்குக் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காரியம் முடியாத வீடு. பச்சியப்பனின் மகள் மலர்விழி பாலக்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். காரியம் வரைக்கும் இங்கேயே தங்கியிருந்தாள். வந்தவர்கள் யார் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகியது. தண்ணீர் மட்டும் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

சுல்தானா தண்ணீரைக் குடித்தபடியே கொடிக்கயிற்றைப் பார்த்தாள். சின்னச் சின்ன சதுரங்களாக வெள்ளைத் துணிகள், மேல்முனை இரண்டிலும் கட்டுகிற நாடா வைத்துத் தைத்தவை, வரிசையாகக் கிடந்தன. பால் குடிக்கிற குழந்தைக்கு மார்பில் கட்டிவிடுகிற மாதிரி.

"வூட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்களா?"

"இல்ல."

"அப்ப அது யாரோடதுங்க?"

மலர்விழி கொடியைத் திரும்பிப் பார்த்தாள். துவைத்துப் போட்டவள் எடுத்து மடிக்கத் தெம்பில்லாமல் விட்டிருக்கிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"எங்கப்பாவோடது," என்றாள். அதோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மெதுவாகத்தான் வந்தது. அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தார்கள். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டு, மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தின் அடியில் கொண்டுவந்து ஒரு துவாரமாக வைத்துத் தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு மூச்சு போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். மூக்குக்கும் வாய்க்கும் நுரையீரலோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. தூசி போகாமல் இருக்க அந்தத் துணி. அதை ஊர் பார்க்காமல் இருக்க மேலே ஒரு துண்டு.

நஞ்சப்பனுக்கு விளங்கவில்லை. மூக்கால் இழுக்காமல் காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்டார்.

"மூக்கு இழுக்கறதில்ல அண்ணா," என்றாள் சுல்தானா. "விலா எலும்புக்குக் கீழ, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தடுப்பு மாதிரி ஒரு தசை இருக்குது. அது கீழ இறங்கினா நெஞ்சுக்கூடு விரியும். விரிஞ்ச எடத்தை நெரப்பக் காத்து தானா வரும். எந்த வழி தொறந்திருக்குதோ அந்த வழியா வரும். மூக்கு வெறும் வாசல்தான். தூசியை வடிகட்டும், காத்தைச் சூடாக்கி ஈரப்படுத்தி அனுப்பும், போற காத்துல வாசனை பிடிக்கும்."

"அப்பாவுக்கு வாசனையே தெரியாதுங்க," என்றாள் மலர்விழி. "கேஸ் திறந்தே கெடந்தாலும் தெரியாது. அதான் சிலிண்டரை வெளிய எடுத்து வெச்சேன். காப்பிகூட ஊதிக் குடிக்க முடியாது. ஆத்தி ஆத்தித்தான் குடிப்பாரு."

"பேச்சு?"

"வெளிய வர்ற மூச்சு தொண்டையில இருக்கற ரெண்டு மடிப்பை அதிர வெச்சாத்தான் குரல்," என்று சுல்தானாவே பதில் சொன்னாள். "அந்த மடிப்பும் இல்ல, மூச்சு அந்தப் பக்கமும் வரல. உதடு மட்டும்தான் அசையும்."

நஞ்சப்பன் கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் முன் படிக்கட்டுல ஏறினா, உங்கப்பா பின் படிக்கட்டுல ஏறி எறங்கியிருக்காரு," என்றார்.

மலர்விழியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே கலைந்தது. நிஜ பஸ்ஸிலும் அப்பா ஏறமாட்டார் என்றாள். இருமினால் சளி கழுத்திலிருந்து வரும். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

சுல்தானா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"குரு அமுக்கினது மூக்கையும் வாயையும். துண்டு படபடன்னு அடிச்சுக்கிச்சுன்னு அவனே சொல்றான். அவரு தாராளமா மூச்சு விட்டுட்டுத்தான் இருந்தாரு. அதனாலதான் கையைக்கூடத் தூக்கல. இது உங்களுக்குத் தெரியும் மலர்விழி."

தோட்டத்தில் யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.

"தெரியும்," என்றாள் மலர்விழி. "போலீஸ்ல கேக்கல, நானும் சொல்லல. ஆபரேஷன் ஆன புதுசுல ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து அப்பாவுக்குச் சளி எடுத்தது நானுங்க. அவன் எங்க இருந்தான்? வந்தான், அமுக்கினான், போயிட்டான். செத்தாரோ சாகலையோ, அவன் கொன்னுட்டுத்தானே போனான்?"

"ஆபரேஷன் விஷயம் அவனுக்கு ஏன் சொல்லல?"

"அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாரு. அவன் காதுல என் பழைய குரல் இருக்கும், அதுவே இருந்துட்டுப் போகட்டும்னாரு." முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்ப அப்பா எப்படிங்க செத்தாரு? எனக்கு அதுதான் தெரியல. நெஞ்சு நின்னுருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

அதைத்தான் சுல்தானாவும் கேட்க வந்திருந்தாள். அவரைக் குளிப்பாட்டியது யார் என்று விசாரித்தாள். மலர்விழியும் உறவுப் பெண்களும்தான். அப்போது வித்தியாசமாக எதுவும் பட்டதா? மலர்விழி யோசித்தாள். திருப்பிப் படுக்க வைத்தபோது கழுத்துத் துவாரத்திலிருந்து கலங்கலாகத் தண்ணீர் வந்தது, எப்போதும் வருகிற சளி என்று நினைத்தேன் என்றாள். இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளைக் காணோம். அப்பா பேசுவதற்காக அவள் வாங்கிக் கொடுத்த கருவி. டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்துப் பட்டனை அமுக்கி உதட்டை அசைத்தால் வண்டு பேசுவதுபோல் ஒரு சத்தம் வரும். அந்தக் குரல் அப்பாவுக்குப் பிடிக்காது. மகளைத் தவிர யார் முன்னாலும் எடுத்ததில்லை. பீரோவுக்குள் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார். சாவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அவரைக் கட்டில்ல மொதல்ல பார்த்தது யாரு?"

"கிருஷ்ணப்பன் சித்தப்பா. எங்க பங்காளிங்க. பக்கத்துத் தக்காளிக் காடுதான். காலையில பால் குடுக்க வந்தப்பப் பார்த்தாராம்."

சுல்தானா வண்டித்தடத்தை எட்டிப் பார்த்தாள். அதன் ஓரமாகவே வாய்க்கால் கலங்கலாக ஓடியது.

*

கிருஷ்ணப்பன் மோட்டார் ரூம் முன்னால் தக்காளிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தொட்ட, ஒல்லியான மனிதர். கேட்டதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. பால் கொண்டு போனேன், கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை, மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன், மூச்சில்லை. மனப்பாடம் செய்த பாட்டுபோல் சொல்லி முடித்துவிட்டுக் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுல்தானா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நஞ்சப்பனைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினாள். நஞ்சப்பன் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தக்காளி நன்றாக இருக்கிறது என்றார். மழையைப் பற்றிப் பேசினார். அப்படியே தன் ஊர் நல்லம்பள்ளிப் பக்கத்துக் கதை ஒன்றுக்குப் போனார்.

"எங்க மாமன் ஒருத்தர் தொப்பூர் மலையில வண்டி கவுந்து போயிட்டாருங்க. ஊர் எல்லைக்கு வெளிய போன உசுரு. பொணத்தை ஊருக்குள்ள விடமாட்டேன்னுட்டாங்க. ரோட்டோரமா தென்னங்கீத்துப் பந்தல் போட்டு, அங்கயே கெடத்தி, அங்கயே பாடை கட்டினோம். அவரு ஆசைஆசையா கட்டுன வூடு, கடைசியா ஒரு தடவை அதுக்குள்ள வரக் குடுத்துவெக்கல. எங்க அத்தை இன்னிக்கும் அதைச் சொல்லித்தான் அழுவும். உங்க பக்கமும் அப்படித்தானுங்களா?"

கிருஷ்ணப்பனின் கையில் இருந்த கூடை நகரவில்லை.

"அப்படித்தான்," என்றார்.

"அண்ணனை எங்க பார்த்தீங்க?" என்று சுல்தானா கேட்டாள். குரலில் விசாரணை இல்லை.

கிருஷ்ணப்பன் கூடையை வைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் கையை நீட்டினார். விடிந்தும் விடியாத நேரத்தில் தண்ணீர் திருப்பிவிட வந்தபோது பார்த்தாராம். அண்ணன் வாய்க்காலில் மல்லாந்து கிடந்தார். தலை கரைமேல், உடம்பு தண்ணீரில்.

"முகத்துல சொட்டுத் தண்ணி படலீங்க. அதனால நெஞ்சுவலின்னு நெனச்சேன். தொண்டையில ஆபரேஷன் ஆச்சு, பேச்சு போச்சுன்னுதான் எனக்குத் தெரியும். மூச்சே அந்த எடத்துலதான்னு யாரும் சொல்லலீங்க."

தண்ணீர் கழுத்து வரைக்கும் இருந்ததா என்று சுல்தானா கேட்டாள். துண்டு முழுக்க நனைந்திருந்தது என்றார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். இரைக்க இரைக்க ஓடிவந்தவர், கரை சரிந்து மல்லாந்து விழுந்திருக்கிறார். மற்ற யார் விழுந்திருந்தாலும் இடுப்பைத் தடவிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். இவருக்கு வாசல் கழுத்தில். முகம் காய்ந்தபடி இருக்க, அந்த முழங்கால் ஆழத் தண்ணீரே போதுமாக இருந்திருக்கிறது.

வெளியே வாய்க்காலில் செத்தார் என்று தெரிந்தால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அண்ணன் கல் சுமந்து கட்டிய வீடு; அதன் கூரைக்குக் கீழ் கொஞ்ச நேரமாவது கிடக்கட்டும் என்று கிருஷ்ணப்பன் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வியாதியில் இளைத்த உடம்பு, கனக்கவில்லை. ஈரத்தைத் துவட்டி, வேட்டி மாற்றி, கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் பால் சொம்போடு வெளியே வந்து கத்தினார். அதன் பிறகு குரு போய் ஒப்புக்கொண்டான் என்று கேள்விப்பட்டபோது அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வாயைத் திறந்தால் ஊரும் போலீஸும் சேர்ந்து தன்னைக் கேட்கும் என்ற பயம்.

"அவன் என் தோள்ல வளர்ந்த பையனுங்க," என்றார். "எங்க வந்து சொல்லணுமோ சொல்றேன். கூட்டிட்டுப் போங்க."

பிறகு ஏதோ நினைவு வந்தவராக மோட்டார் ரூமுக்குள் போய், மாடத்திலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்தார். அண்ணன் கையில் இருந்ததாம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்ததாம்.

"டார்ச்சுன்னு நெனச்சேன். அமுக்கினா எரிய மாட்டேங்குது. சத்தம்தான் வருது."

அவர் பட்டனை அமுக்கினார். விர்ரென்று ஒரு சத்தம், தக்காளிக் கூடைகளுக்கு மேல் எழுந்து அடங்கியது. நஞ்சப்பன் எழுந்து போய் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டார்.

*

கிருஷ்ணப்பனின் வாக்குமூலமும் அந்தக் கருவியும் காவல் நிலையத்துக்குப் போய்விட்டன. மலர்விழியும் வந்தாள், முன்பு யாரும் கேட்காத ஆபரேஷன் விஷயத்தை அன்று கேட்காமலே சொன்னாள். கொலை வழக்கு நிற்காது, தலையணையை அமுக்கியதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும், அதை ஒரு வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று தெரிந்தது. ஆனால் வக்கீல் வைக்கக் குரு சம்மதிக்க வேண்டும். அவன் இன்னும் சாகத்தான் நினைக்கிறான்.

சிறைக்குப் போகிற வழியில் நஞ்சப்பன் ஒரு யோசனை சொன்னார். முக்கால்வாசியைச் சொல்லுங்கள், கால்வாசியை விட்டுவிடுங்கள். தலையணையால் சாகவில்லை, வாய்க்காலில் விழுந்து செத்தார், அவ்வளவு போதும். கையில் என்ன இருந்தது என்பதை அந்தப் பையன் இன்றைக்குத் தாங்கமாட்டான். கோர்ட்டில் ஒருநாள் காதில் விழும்போது விழட்டும். சுல்தானாவுக்கும் அது சரியென்று பட்டது. சமரீனிடமும் அப்படியே சொல்லிவைத்தாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குரு வந்து நின்றான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. சுல்தானா முதலிலிருந்து சொன்னாள். ஆபரேஷனை, கழுத்தை, படபடத்த துண்டை. உதடு அசைந்தும் சத்தம் வராததற்குக் காரணத்தைச் சொன்னபோது, குரு வலையைப் பிடித்துக்கொண்டான்.

"திட்டலையா அவரு?"

"தெரியாது குரு. பேச முடியாது அவரால. அதுதான் தெரியும்."

"நான் அமுக்கினப்ப…"

"மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. நீ போற வரைக்கும் அசையாம இருந்திருக்காரு. நீ போனதும் எந்திரிச்சு வாய்க்காப் பக்கம் வந்திருக்காரு. அங்க கரை சரிஞ்சு விழுந்து, கழுத்து வழியா தண்ணி போய்த்தான் செத்தாரு."

சமரீன் வலையின் இந்தப் பக்கத்திலிருந்து அவன் விரல்நுனிகளைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் ஏதோ இளகியது. வக்கீலைப் பார்க்கிறாயா என்று சமரீன் கேட்டாள். பார்க்கிறேன் என்பதுபோல் தலை அசைந்தது. சுல்தானா கைப்பையைத் தோளில் மாட்டினாள். வந்த வேலை முடிந்துவிட்டது.

"அந்நேரத்துல வாய்க்காப் பக்கம் எதுக்கு மேடம் வந்தாரு?" என்று குரு கேட்டான்.

அதற்கும் பதில் தயாராகத்தான் வைத்திருந்தாள். "யாருக்குத் தெரியும்? வூட்டுக்குள்ள இருக்க முடியாம வந்திருப்பாரு."

குரு ஒப்புக்கொண்டான். பிறகு நெற்றியைச் சுருக்கினான். "அன்னிக்கு ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. நான் வாய்க்காத் தடத்துல வேகமா நடந்து போறேன். பின்னாடி தூரமா கேக்குது. யாரோ வண்டி ஸ்டார்ட் ஆகாம முக்கறாங்கன்னு நெனச்சேன். பஸ் வந்து நிக்கற வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் நின்னுபோச்சு. இங்க வந்த பொறகும் அது காதுல கேட்டுக்கிட்டே இருக்குது."

கேட்டிருக்கக் கூடாது. தொழில் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "எப்படிச் சத்தம்?"

குரு பல்லைக் கடித்துக்கொண்டு அதேபோல் செய்து காட்டினான். "விர்… விர்." கொஞ்சம் இடைவெளி விட்டான். "விர்… விர்." மறுபடியும் இடைவெளி. "இப்படியேதான் மேடம். ரெண்டு ரெண்டா."

சுல்தானாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற நஞ்சப்பன் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அறியாமல் அவர் உதடு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது.

"கு… ரு," என்றார் மெல்ல. "கு… ரு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

குரு அவர் முதுகைப் பார்த்தான். அப்புறம் சமரீனை. அவள் தலை குனிந்திருந்தது. கடைசியாகச் சுல்தானாவைப் பார்த்தான். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பீரோவில் துணிக்கு அடியில் இருந்த கருவியை, அதன் சத்தத்தை, அதை ஊருக்குக் காட்ட அவர் பட்ட வெட்கத்தை, எடுத்துக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் ஓடிவந்ததை, பிரித்து எடுக்க வேண்டியிருந்த விரல்களை, எதையும் விடாமல் தணிந்த குரலில் சொல்லி முடித்தாள்.

குரு அழவில்லை. வாய் திறந்திருந்தது. தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்க, நெஞ்சு மட்டும் பாதி விரிந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டது. காவலர்கூட ஒரு எட்டு முன்னால் வந்தார்.

சமரீன் வலை ஓட்டைகளுக்குள் விரல்களை நுழைத்து, எட்டின மட்டும் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"மூச்சு விடுங்க," என்றாள். "என்னைப் பாருங்க. மொதல்ல மூச்சு விடுங்க."

அவன் விடுகிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.